தவறணைக்காரியின் மகள்

உங்கள் சின்ன வயதை ஒரு நொடியில் திருப்பிக் கொண்டுவரும் வாசனை எது? யோசிக்காமல் சொல்லுங்கள். வறுத்த மல்லியா, அம்மியில் அரைத்த சம்பலா, வெயிலில் காய்ந்து ஸ்திரிக்கை போட்ட பள்ளிக்கூடச் சட்டையா? நல்லது. அடுத்த கேள்விக்கும் அதே வேகத்தில் பதில் வரட்டும்: அந்தச் சம்பலை அரைத்தது யார்? அந்தச் சட்டையைத் தோய்த்தது யார்? அம்மா என்றால் பிரச்சினை இல்லை. “வீட்டோடு ஒரு பிள்ளை நின்றது” என்றால், அந்தப் பிள்ளைக்கு அப்போது என்ன வயது?

பதுளை கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்தவரின் மகள் சுதர்சினிக்கு இந்த இரண்டாவது கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போனவள், இந்த வருடம் லீவுக்குத் தாயைப் பார்க்க வந்தாள். பெட்டிகளை விறாந்தையிலேயே போட்டுவிட்டு நேரே குசினிக்குள் போய், மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

“பரி, அந்த மணம் எங்கை போட்டுது?”

“எந்த மணம் சின்னம்மா?”

“அதுதானடி, விறகடுப்பு மணம், சம்பல் அரைக்கிற மணம். ரொறன்ரோவில எனக்குக் கனவிலயும் அதுதான். இஞ்சை இப்ப வெறும் காஸ் மணமெல்லே அடிக்குது.”

பரி என்று கூப்பிடப்பட்டவள் பரிமளம். அந்த வீட்டு வேலைக்காரி. சுதர்சினிக்கும் அவளுக்கும் ஒரே வயது; இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஏழு வயதில் அந்த வீட்டுக்கு வந்தவள், அங்கேயே வளர்ந்து, அங்கேயே முழங்கால் தேய்ந்தாள்.

சின்னம்மா கேட்டுவிட்டாள் என்று, பின்வளவில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். பாசி பிடித்துக் கிடந்த அம்மியைத் தேங்காய்த் தும்பு போட்டு உரசிக் கழுவினாள். செத்தல் மிளகாயைச் சுட்டு, துருவிய தேங்காய்ப்பூவோடு வைத்து அரைத்தாள். சுதர்சினி பக்கத்தில் பலகை போட்டுக் குந்தி, கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். பிறகு போனை எடுத்து, குழவி உருளும் சத்தத்தைப் பதிந்து அக்காமாருக்கு அனுப்பினாள். “கேளுங்கோ, இதுதான் எங்கட சின்ன வயசு” என்று குரல் வேறு கொடுத்தாள்.

பரிமளத்துக்கும் அதே மணம்தான், அதே சத்தம்தான். அவளுக்கும் சின்ன வயது திரும்பி வந்தது, ஆனால் உள்ளங்கை வழியாக. மிளகாய் எரிச்சல் தாங்காமல் சின்னக் கைகளை வாசல் கான் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு விடியும்வரை இருந்த நாட்கள் வந்தன. சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியின் ஞாபகம் வந்தது. சுதர்சினியின் வெள்ளைச் சட்டையில் ஒருநாள் கரிப்பொட்டு பட்டுவிட்டது. “இனிக் கவனம் வரும்” என்று சொல்லி வீட்டுக்கார அம்மா அந்தப் பெட்டியின் நுனியைப் பரிமளத்தின் முழங்கைக்குக் கீழே வைத்தார். கவனம் வந்தது. தழும்பும் இருக்கிறது.

“அந்தப் பழைய கரிப்பெட்டி எங்கை பரி? அதின்ர மணம் சொல்லி வேலையில்லை.”

“பழைய இரும்புக்குப் போட்டாச்சு, சின்னம்மா.”

“சீ! என்னட்டைச் சொல்லியிருந்தா நான் கொண்டு போயிருப்பன்.”

ஒரே குசினிப் புகையில் இரண்டு பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஒருத்தி அதை நினைத்து உருகுகிறாள். மற்றவள் இன்னும் அதை ஊதிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வீட்டுக்கு வருவதற்கு முந்திய காலத்தில் இருந்து பரிமளத்திடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாசனை. நனைந்த சணல் சாக்கும் ஈர மண்ணும் கலந்த வாசனை. அதோடு கொஞ்சம் இருட்டு, குனிந்தபடி இருக்கும் ஒரு பெண்ணின் முதுகு, மண் அப்பிய விரல்கள். வேறு எவருக்காவது அது பொக்கிஷமாக இருந்திருக்கும். பரிமளம் அதை வெறுத்தாள். மழைக்காலத்தில் கால்மிதிச் சாக்கு நனைந்து அந்த மணம் எழும்பினால் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்துவிடுவாள். அவள் ஏன் வெறுத்தாள் என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

பசறை றோட்டில் போனால் வருகிற ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். தகப்பன் வீரய்யா ஒரு காலை நேரம் அவளைக் கையில் பிடித்து வந்து அந்த வீட்டுப் பின்கதவில் விட்டான். கொடுத்ததை வாங்கி மடியில் சொருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். வீட்டுக்கார அம்மா தவமலர், யாழ்ப்பாணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“கொம்மா எங்கை வேலை?”

“தவறணையில” என்றது பிள்ளை.

தவமலர் கன்னத்தில் கை வைத்தார். யாழ்ப்பாணத்தில் தவறணை என்றால் கள்ளு விற்கும் இடம். “தவறணையிலயோ? அங்கை என்ன செய்யிறவ?”

“தண்ணி ஊத்தும்.”

வீடே சிரித்தது. கடைக் கணக்குப்பிள்ளை சிரித்தார், பால்காரன் சிரித்தான், வாசற்படியில் நின்ற சின்ன சுதர்சினியும் எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? தன் தாய் பகல் முழுக்கச் செய்கிற வேலையை அது உள்ளபடி சொன்னது. சிரிப்பைக் கண்டு தானும் கொஞ்சம் சிரித்தது.

அன்றிலிருந்து அவள் பெயர் தவறணைக்காரியின் மகள். கோப்பை உடைந்தால், “தவறணைக்காரியின்ர மகளுக்குக் கை நடுங்காமல் என்ன செய்யும்?” நித்திரையானால், “தாய் குடிவெறியில படுக்கிறவ, மகள் வெறியில்லாமலே படுக்கிறாள்.” கடைத்தெருவுக்குக் கூடை தூக்கப் போகும்போது தவமலர் ஒரு கள்ளுத் தவறணையைக் கையால் காட்டினார். புளித்த நாற்றம், வாசலில் உடுப்பு விலகிக் கிடந்த ஒரு ஆள், உள்ளே காறித் துப்பும் சத்தம். “பார், கொம்மா வேலைக்குப் போற கந்தோர்.”

பிள்ளைகள் பேசக் கற்பது கேட்டுத்தான். பரிமளம் அந்த வீட்டுப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அதையே பேசினாள். “ஆமாங்க” போய் “ஓம்” வந்தது. தோட்டத்துச் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தவறணை என்ற சொல் மட்டும் உதிரவில்லை, ஆனால் அதற்குள் இருந்த பொருளை எடுத்துவிட்டு வேறு பொருளை வைத்துவிட்டார்கள். தாயைக் கொண்டுபோய் அந்தப் புளித்த கொட்டிலுக்குள் அவள் தன் கையாலேயே நிறுத்தினாள். நனைந்த சாக்கு எப்படி அங்கே வந்தது? கள்ளுப் பீப்பாயை மூடுகிற சாக்காக இருக்கும் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டாள்.

தாயின் பெயர் பேச்சாயி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பின்படலைக்கு வெளியே வந்து நிற்பாள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் சுற்றிய சுற்றில் தலை கிறுகிறுத்து, படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வெற்றிலை போட்ட வாய் சிவந்திருக்கும். யன்னலுக்கு உள்ளே பரிமளத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு தவமலர் பாடம் நடத்துவார்: “கண்ணைப் பார், சிவப்பு. வாயைப் பார். நிக்க ஏலாமல் ஆடுறா பார். போப்போறியே அவவோட?”

பிள்ளை தலையை ஆட்டும், இல்லை என்று.

பரிமளம் பெரியவளாகி, தாவணி போடும் வயதில், ஒருநாள் பேச்சாயி படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள். கையில் ஒரு பையில் கொய்யாப்பழம். கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள் மகள்.

“பரிமளம், ஒரு வாட்டி நிமிந்து பாருடி. மொகத்தப் பாத்துட்டுப் போயிர்றேன்.”

“குடிகாரிக்கு இஞ்சை என்ன வேலை?”

“யாருடி குடிகாரி?”

“போ எண்டுறன்!”

பேச்சாயி போகவில்லை. ஓரடி முன்னால் வந்தாள். பரிமளம் மீன் கழுவிய தண்ணீரைச் சட்டியோடு தூக்கி அவள்மேல் ஊற்றினாள். செதிலும் இரத்தமும் சேலையில் வடிய, பேச்சாயி கொஞ்ச நேரம் மகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கொய்யாப்பழப் பையைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் போனாள். பின்னர் எந்தப் பண்டிகைக்கும் அவள் வரவில்லை.

“கெட்டிக்காரி” என்றார் தவமலர் யன்னலுக்குள் இருந்து. அன்று இரவுச் சோற்றில் பரிமளத்துக்கு முதன்முறையாக முழு மீன் துண்டு ஒன்று கிடைத்தது.

இனி இந்த வருடத்துக்கு வருவோம். சம்பல் மணமும் புகை மணமும் போதாமல், தாயின் வீட்டு முற்றத்தில் முன்பு நின்ற ரோசாச் செடிகளும் திரும்ப வேண்டும் என்றாள் சுதர்சினி. ஹாலிஎலப் பக்கம் றோட்டோரத்தில் கன்று விற்கிற இடம் ஒன்று இருக்கிறது. வாடகைக் காரில் பரிமளத்தையும் ஏற்றிக்கொண்டு போனாள், செடி தூக்க ஆள் வேண்டுமே.

முன்பக்கம் பூச்செடிகள். பின்பக்கம், சின்னத் தோட்டக்காரர்களுக்கு விற்பதற்காகத் தேயிலைக் கன்றுகள். பந்தல் போட்டு, நிழல் கட்டி, கறுப்புப் பொலித்தீன் கூடுகள் வரிசை வரிசையாக அடுக்கி, ஓரம் முழுக்க நனைந்த சாக்கால் மூடியிருந்தார்கள். பரிமளம் பூச்சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்தப் பந்தலைக் கடந்தபோது கால் நின்றுவிட்டது.

சாக்கு. ஈர மண். பச்சை இருட்டு.

கள்ளு மணம் எங்கே? மூக்கை விரித்து விரித்துத் தேடினாள். இல்லை. புளிப்பு இல்லை, பீப்பாய் இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாக அவள் தலைக்குள் நாறிக்கொண்டிருந்த கொட்டில், இங்கே ஒரு நாற்றமும் இல்லாமல், சின்னச் சின்னப் பச்சை இலையோடு நின்றது.

பந்தலுக்குள் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் இராசையா. தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்து, இங்கே நாட்கூலிக்கு நிற்பவர். போன் அடித்தது. “ஆமா, தவறணையிலதான் நிக்கிறேன். தண்ணி ஊத்திட்டு வந்துர்றேன்” என்றார்.

பரிமளத்தின் கையிலிருந்த சட்டி சாய்ந்தது.

“அண்ணை, எங்கை நிக்கிறனெண்டு சொன்னனீங்கள்?”

“தவறணையிலம்மா.”

“எங்கை தவறணை? எங்கை கள்ளு?”

இராசையா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “கள்ளா! யாழ்ப்பாணத்துப் பக்கமா நீங்க? அங்கதான் கள்ளுக்கடைக்கு அப்படிச் சொல்லுவாங்கன்னு கேட்டிருக்கேன். நம்ம தோட்டத்துல தவறணைன்னா இதுதாம்மா, கன்னு வளக்குற எடம். கூட்டுல மண்ணு ரொப்பி, கன்னு குத்தி, தண்ணி ஊத்தி...”

“நானும் தோட்டத்துப் பிள்ளைதான்.”

“தோட்டத்துப் புள்ளைக்குத் தவறணை தெரியாதா? நல்ல கூத்தா இருக்கு!”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். பரிமளம் அந்த ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முன்பக்கத்திலிருந்து சுதர்சினியின் குரல் கேட்டது: “பரி, இஞ்சை வந்து மணந்து பார், மண்வாசம்! ஐயோ, சொர்க்கம்!”

வீட்டுக்கு வந்ததும் பரிமளம் நேரே தவமலரின் கட்டிலடிக்குப் போனாள். தவமலர் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார். அவரைத் தூக்கி, கழுவி, துடைத்து, உடுப்பு மாற்றுகிறவள் பரிமளம்தான். அம்மா என்றுதான் கூப்பிடுவாள். இத்தனை வருடமாக அவள் அம்மா என்று கூப்பிட்ட ஒரே ஆளும் அவர்தான்.

“அம்மா, தவறணை எண்டா என்ன?”

“என்னடி திடீரெண்டு?”

“தோட்டத்தில தேயிலைக் கண்டு வளர்க்கிற இடத்துக்கு அதுதானாம் பேர்.”

தவமலர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பிறகு, பாலுக்குச் சீனி போதாது என்று சொல்வதுபோல் சொன்னார்:

“ஐயா சொன்னவர்.”

“எப்ப?”

“நீ வந்த அந்தக் கிழமையே. தோட்டங்களுக்குக் கண்டுக்கூடு போடுற பொலித்தீன் எங்கட கடையிலதானே போனது. அவருக்குத் தெரியாதே?”

“தெரிஞ்சுகொண்டோ...”

“தெரிஞ்சா என்ன? தாய் நல்லவள் எண்டு நினைச்சா நீ இஞ்சை நிண்டிருப்பியே? இரவிரவாய் அம்மா, அம்மா எண்டு ஒரே ஒப்பாரி. ரண்டு தரம் பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் ஓடினனீ. அந்தச் சொல்லு பிடிபட்ட பிறகுதான் அடங்கினனீ.” தவமலர் கையை நீட்டினார். “சரி, கஞ்சியைக் கொண்டா. ஆறப்போகுது.”

கவனியுங்கள். ஒரு சொல் மாறி விளங்கியதால் வந்த துன்பம் என்று இதைச் சொல்லி உச்சுக்கொட்டாதீர்கள். பிழை ஒரு கிழமைதான் உயிரோடு இருந்தது. அதற்குப் பிறகு நடந்தது பிழையல்ல, நிர்வாகம். பிள்ளையைக் கட்டிவைக்கக் கயிறு வேண்டும். ஒரு சொல் மலிவான கயிறாக அகப்பட்டது, எடுத்துக் கட்டினார்கள். தலையெழுத்து என்று சொல்லி மூடிவிட விரும்புகிறவர்களுக்கும் ஒரு விஷயம்: எழுதிய கைக்குப் பெயர் இருக்கிறது, விலாசம் இருக்கிறது, அது இப்போது கஞ்சி கேட்கிறது.

சுதர்சினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்குக் கண் கலங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

“பரி, அம்மா வயசு போனவ. பழசைக் கிளறாதை. நீயும் எங்கட வீட்டுப் பிள்ளைதானே.”

“ஓம் சின்னம்மா. நான் நாளைக்குக் காலமை தோட்டத்துக்குப் போறன்.”

“போட்டு எப்ப வருவாய்? எனக்கு வெள்ளிக்கிழமை பிளைட். அம்மாவை ஆர் பாக்கிறது?”

கண்ணீர் கன்னத்தில் இறங்குவதற்குள் கேள்வி வந்துவிட்டது.

மறுநாள் பரிமளம் தன்னிடமிருந்த நல்ல சேலையை உடுத்திக்கொண்டாள். சுதர்சினி ஒருமுறை கட்டிப் போட்ட சேலைதான், ஆனால் பட்டுக்கரை. பசறை பஸ்ஸில் ஏறி, சந்தியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே மேலேறிப் போனாள். போகும் வழியெல்லாம் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். தாய் உயிரோடிருக்க வேண்டும், ஒரே ஒருமுறை சொல்லிவிட வேண்டும், அந்த மீன் தண்ணீரைத் திருப்பி எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பேச்சாயி உயிரோடுதான் இருந்தாள். லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பட்டுக்கரையைக் கண்டதும் சுளகை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

“வாங்க. யாரப் பாக்கணுங்க?”

“என்னைத் தெரியேல்லையே அம்மா?”

“தெரியலைங்களே. அஸ்வெசும உதவிப்பண விசயமா வந்தீங்களா? பேரு ஏற்கெனவே குடுத்தாச்சுங்க.”

“நான் பரிமளம்.”

பேச்சாயி பார்த்தாள். உள்ளே இருந்து மகன் சுரேஸ் வெளியே வந்தான், பரிமளம் வீட்டைவிட்டுப் போனபோது கைக்குழந்தையாக இருந்தவன். கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் குரல் மாறவில்லை.

“ஒக்காருங்க. சுரேசு, அந்த ஸ்டூல எடுத்துப் போடு.”

பரிமளம் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். தவறணை, கள்ளு, தண்ணி ஊத்தும், வீடு சிரித்தது, யன்னல் பாடம் என்று எல்லாவற்றையும். அவள் பேசிய யாழ்ப்பாணப் பேச்சில் பாதி கிழவிக்கு விளங்கவில்லை. சுரேஸ் இடைக்கிடை எடுத்துச் சொன்னான். விளங்கியதும் பேச்சாயி சிரிக்கத் தொடங்கினாள். பல்லில்லாத வாயைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரைக்கும் சிரித்தாள்.

“கேட்டியாடா? நான் கள்ளு ஊத்துனேனாம்! ஈரத்துல நின்னு நின்னு காலு ரெண்டும் சேத்துப்புண்ணு. கள்ளுக்கடையில வேலை கெடச்சிருந்தா ஒக்காந்தாவது ஊத்தியிருப்பேனே! இதுக்கா? இந்த ஒரு பேச்சுக்கா?”

“அம்மா, என்னை மன்னியுங்கோ” என்று குனிந்தாள் பரிமளம்.

பேச்சாயி காலை இழுத்துக்கொண்டாள். “தொடாதீங்க. சேலை அழுக்காயிரும்.”

பரிமளம் நிமிர்ந்தபோது, கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பள்ளிக்கூடப் பை தொங்குவதைக் கண்டாள். இளஞ்சிவப்பு நிறம், ஒரு பக்கம் வார் தைத்திருந்தது. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்டாள்:

“ஆரின்ர பை?”

“எம்மக தர்சிகாவோடதுக்கா” என்றான் சுரேஸ்.

“பள்ளிக்கூடம் போகேல்லையே இண்டைக்கு?”

அவன் தரையைப் பார்த்தான். “கொழும்புக்கு விட்டுட்டோம். ஒரு வீட்டுல நிக்க. அவ அம்மா குவைத்துக்குப் போயி, பேச்சுமூச்சு இல்ல. நானும் மரக்கறி லொறியில போயிர்றேன். அம்மாவுக்கும் முடியல.”

“என்ன வயசு?”

“ஒம்பது.”

“ஏன் விட்டனீங்கள்? என்னை விட்டுப் பட்டது போதாதே? ஆர் விடச் சொன்னது?”

“நாந்தாங்க விடச் சொன்னேன்” என்றாள் பேச்சாயி. சிரிப்பு நின்றிருந்தது. சுளகை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கல் பொறுக்கியபடியே பேசினாள். “ஒங்களப் பாத்துத்தான் விட்டேன். அன்னைக்கு மீன் தண்ணிய ஊத்துனீங்கள்ல, அப்ப நல்லாப் பாத்தேன். கையும் காலும் சதை போட்டிருந்திச்சு. காதுல தோடு. கிழியாத சட்டை. பெத்தவளையே வெரட்டுற அளவுக்கு நல்லா வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். இந்த லயத்துல பொறந்தவ யாராலயாவது யாரையாவது வெரட்ட முடியுமா? எங்களத்தான் எல்லாரும் வெரட்டுவாங்க. எம் பேத்தியும் ஒருநாளு அப்படி நிக்கட்டுமேன்னு அனுப்பினேன்.”

தாயை விரட்டப் பரிமளம் ஊற்றிய தண்ணீர், இன்னொரு பிள்ளையை அனுப்பி வைக்கும் நற்சான்றாகிவிட்டது.

“எந்த வீடு? எந்த இடம்?”

“வெள்ளவத்தைப் பக்கம்னு புரோக்கர் சொன்னான்” என்றான் சுரேஸ். “அவன் போன் இப்ப வேலை செய்யல.”

பரிமளம் பதுளைக்குத் திரும்பவில்லை. பொலிசுக்குப் போனாள், வீட்டு விலாசத்தைக் கொண்டு வா, பிறகு பார்க்கலாம் என்றார்கள். விலாசம் தெரிந்தால் அவள் ஏன் பொலிசுக்கு வருகிறாள்? கொழும்புக்கு ரயிலேறினாள். இப்போது வெள்ளவத்தை ஒழுங்கைகளில் கேட் கேட்டாக மணி அடிக்கிறாள். காவலாளிகள் துரத்துகிறார்கள். ஒரு வீட்டு அம்மா அவளை நல்ல மாதிரி உள்ளே கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, தர்சிகாவைப் பற்றி முழுவதும் கேட்டுவிட்டு, “அந்தப் பிள்ளை கிடைக்காட்டிப் பரவாயில்லை, நீங்கள் சமைப்பீங்களா?” என்று விசாரித்தார்.

இந்த வீடுகளுக்கு ஊர் இல்லை, மதம் இல்லை. யாழ்ப்பாணத்தார் வீடும் இருக்கிறது, இந்தியாக்காரக் கடைக்காரர் வீடும் இருக்கிறது, முஸ்லிம் வீடும் சிங்கள வீடும் இருக்கின்றன. சாதிப்பெருமை பேசுகிற வீடும், சமத்துவம் பேசிப் புத்தகம் படிக்கிற வீடும் இருக்கின்றன. குசினிக் கதவைச் சாத்திவிட்டால் எல்லாம் ஒன்றுதான்.

அவள் உங்கள் ஒழுங்கைக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். தர்சிகாவுக்கு இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்ன வெட்டுக்காயம் உண்டு. பெயரை மாற்றியிருப்பார்கள், அதனால் பெயரை நம்பாதீர்கள். பள்ளிக்கூட நேரத்தில் உங்கள் மாடிக் கம்பியில் துணி காயப்போடும் சிறுமி யார் என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக் குசினி யன்னலில் தெரியும் தலை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். வீட்டார் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்றொரு இலக்கம் இருக்கிறது, எடுங்கள். அந்தப் பிள்ளை உங்கள் வீட்டிலேயே நிற்கிறாள் என்றால், இலக்கம்கூடத் தேவையில்லை. அவள் கையிலிருக்கும் விளக்குமாற்றை வாங்கி வைத்துவிட்டு, செருப்பைப் போடச் சொல்லி, இன்றைக்கே அவளோடு பஸ் ஏறி, அவளைப் பெற்றவர்களின் கையில் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.